ஸ்பீக்கருக்குள் இருந்த தம்பி

திண்டுக்கல்லில் தெருத்தெருவாகக் காய் விற்கும் லோடு ஆட்டோக்கள் எல்லாவற்றுக்கும் சரக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்துதான் வருகிறது. எங்கள் வண்டிக்கும் அப்படித்தான். அதே தக்காளி, அதே கத்தரிக்காய், அதே சொத்தை. ஆனாலும் நாகல் நகர் பெண்கள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு எங்கள் வண்டிக்கு மட்டும் ஓடி வந்தார்கள். அதற்குக் காரணம் அப்பாவின் தராசு இல்லை. என் தம்பி பரணியின் தொண்டை.

ஒன்பது வயதில் அவன் பேசிக் கொடுத்த பதிவு ஒன்று வண்டியின் ஸ்பீக்கரில் நாள் முழுக்க ஓடும்.

"அக்கா வாங்க... அண்ணி வாங்க... அத்தை, நீங்களும் வாங்க! தக்காளி சிரிக்குது, கத்தரிக்கா கூப்பிடுது, வெலையக் கேட்டு மயங்கி விழுந்துறாதீங்க!"

வெண்கல மணி மாதிரி இருக்கும். மயக்கம் போடும் வரியை அவனே சேர்த்தான். மற்ற வண்டிக்காரர்கள் மாதிரி கிலோ இத்தனை ரூபாய் என்று அப்பா பதிவில் சொல்ல விடவில்லை. "வெல தெனம் மாறும். பய கொரல் மாறாது. ஒரு தடவ பதிஞ்சா ஆயுசுக்கும் ஓடும்" என்றார். அப்பா ராமர் இருபது வருடமாகக் காய்கறி வியாபாரி. முருங்கைக்காயைக் கையில் எடுத்தாலே இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லத்தான் தெரியவில்லை.

இன்னொரு தப்பும் செய்தார். எங்கள் சித்தப்பா பழனிக்குமார் புதிதாக லோடு ஆட்டோ வாங்கியபோது, "அண்ணே, எனக்கும் அந்தப் பதிவ ஒரு காப்பி போட்டுக் குடுங்க, நான் நத்தம் ரோட்டுப் பக்கந்தேன் போவேன், ஒங்க ஏரியாவுல கால வைக்க மாட்டேன்" என்று கேட்டார். தம்பியாயிற்றே என்று அப்பா கொடுத்துவிட்டார். ஒரு பைசா குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிற மனிதர், மகனின் குரலைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்.

போன ஐப்பசி மழையில் எங்கள் வண்டியின் ஆம்ப்ளிஃபயருக்குள் தண்ணீர் இறங்கியது. ஆம்ப்ளிஃபயர் பிழைத்தது; பதிவு இருந்த பென்டிரைவ் செத்துப்போனது.

"போனாப் போகுது. தொண்ட வீட்லதான இருக்கு? புதுசாப் பதிஞ்சுக்குவோம்" என்றார் அப்பா.

அகரத்தில் இருக்கிற எங்கள் வீட்டில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜைக்கூட அணைத்துவிட்டு பரணியின் முன்னால் போனை வைத்தோம். அவனுக்கு அப்போது பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

'அக்கா' தரையில் கிடந்தது. 'வாங்க' கூரையில் போய் முட்டியது. நடுவில் ஒரு சத்தம், காலி தக்காளிப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி.

நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். பரணி சிரிக்கவில்லை. மறுபடி பேசினான். அப்புறம் மறுபடி. பதினேழு தடவை பேசினான். ஒரு தடவைகூட எல்லா வார்த்தையும் ஒரே மாடியில் நிற்கவில்லை.

"ஐஸ் தின்னியாலே?" என்றார் அப்பா.

"ஐஸு இல்லங்க, கண்ணு. ஊரே கேட்ட கொரலு. எவளோ கண்ணு வச்சுட்டா" என்றாள் அம்மா.

அன்றே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வராவிட்டால் கண்பட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டு மிளகாய் முதல் ரகம். வீடு மொத்தமும் இருமியது. கண் படவில்லை என்று அம்மா அப்போதும் நம்பவில்லை, மிளகாய் மேல்தான் சந்தேகப்பட்டாள். அடுத்த நாளிலிருந்து தூதுவளை ரசம், மிளகுப் பால், பனங்கற்கண்டு, சுக்கு. தொண்டை வழியாக எதையெல்லாம் இறக்க முடியுமோ அதையெல்லாம் இறக்கினாள். குரல் மட்டும் ஏறவில்லை.

அந்த வாரம் பள்ளியில் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது வரியிலேயே வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்திருக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கோபத்தில் பேசாமல் இருந்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. தலையை ஆட்டுவான், கையைக் காட்டுவான், ரொம்ப அவசரம் என்றால் போனில் எழுதி நீட்டுவான். குழம்புக்கு உப்பு போதுமா என்று அம்மா கேட்டால் கட்டை விரல். ஒரு மாதம் இப்படியே போனது. அந்த ஒரு மாதத்தில் அவன் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நெற்றியில் கடுகு தாளித்த மாதிரி பரு. சட்டை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டான். மேல் உதட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று அம்மா முந்தானையால் துடைக்கப் போனாள்; அது துடைக்கிற சமாச்சாரம் இல்லை.

இதற்குள் அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டு, எங்கள் பதிவை எங்களுக்கே ஒரு காப்பி தரும்படி கேட்டார். "இந்தா, இன்னைக்கே தாரேன்ணே" என்றார் சித்தப்பா. அந்த இன்றைக்கு வரவே இல்லை.

ஒருநாள் பரணியின் போனை எடுத்து நெட் ரீசார்ஜ் செய்யப் போனேன். அவன் கடைசியாகத் தேடியது திரையில் அப்படியே இருந்தது. 'தொண்டையில் கட்டி.' அதற்கு முன்னால், 'குரல் போனால் திரும்ப வருமா.' அதற்கும் முன்னால், 'தொண்டை கேன்சர் எத்தனை வயதில் வரும்.'

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவன் கழுத்தில் கொஞ்ச நாளாக ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருந்ததை நானும் பார்த்திருந்தேன். ஆம்பளைப் பயலுக்கு அது வரும் என்று எனக்குத் தெரியும். அவனிடம் யார் சொன்னார்கள்?

என் கதையை யோசித்துப் பார்த்தேன். நான் வயசுக்கு வந்தபோது அகரம் பிரிவில் என் முகத்தைப் போட்டு பதினைந்தடி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வேடசந்தூர் போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் செய்தி தெரிந்தது. தாய்மாமன் தட்டுத்தட்டாகச் சீர் கொண்டுவந்தார். நாற்பது பெண்கள் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். தெரு நாய்கள் பதில் குலவை போட்டன. அந்த ஒன்பது நாளில் அத்தைமாரும் சித்திமாரும் பக்கத்தில் உட்கார்ந்து எது வரும், எத்தனை நாள் வலிக்கும், எதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தில் தரைக்குள் போகலாம் போல இருந்தது. ஆனால் பயமாக இல்லை. இவனுக்கு வெட்கமும் இருந்தது, பயமும் இருந்தது; பந்தல் மட்டும் இல்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்கு யாரு சொன்னா? தானா ஒடஞ்சுச்சு, தானா ஒட்டுச்சு" என்றார்.

"அவன் கேன்சர்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்ப்பா."

அப்பா முகம் மாறியது. உடனே எழுந்தார். வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த பரணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்பு, இந்தா, தக்காளி இருக்குல்ல..."

பரணி தலையாட்டினான்.

"மொதல்ல பச்சையா இருக்கும்."

தலையாட்டினான்.

"அப்புறம்..." அப்பா அந்தத் தக்காளியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. "அப்புறம்... இது நசுங்கியிருக்கு. தனியா எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலை ஒன்றைத் தேடி வண்டிக்குப் போய்விட்டார். சந்தையில் எவனிடமும் வாய் குறையாத மனிதர்.

சரி, இந்த வியாபாரத்தை நானே முடிக்க வேண்டியதுதான் என்று பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏலே, ஒனக்குக் கேன்சரு இல்ல."

தக்காளி கையிலிருந்து உருண்டது.

"போன்ல பாத்தேன். மொறைக்காத. தொண்டைக்குள்ள கொரல் வர்ற பெட்டி ஒண்ணு இருக்கு. அது இப்பப் பெருசாகுது. அந்த முடிச்சு அதான், கட்டி இல்ல. உள்ள இருக்கிற நரம்பு நீளமாகித் தடிக்குது. சின்ன சைக்கிள் ஓட்டிட்டு இருந்தவன்கிட்ட திடீர்னு பெரிய சைக்கிளக் குடுத்தா மாதிரி. பழகுற வரைக்கும் கோணிக்கிட்டுத்தான் போகும். மீசை, பரு, அக்குள்ள அடிக்கிற நாத்தம், காரணமில்லாம வர்ற கோவம், எல்லாம் ஒரே லோடுல வர்ற சரக்குதான். எல்லாப் பயலுக்கும் வரும். ஒன்னப் பாத்துச் சிரிச்சவனுக்கும் வரும்."

பரணி கழுத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தான், ஏதோ புதிதாக வாங்கிய பொருளைத் தொடுகிற மாதிரி. கையை விரித்து ஆட்டினான்: எத்தனை நாள்?

"ஆறு மாசம் ஆகலாம். செல பேருக்கு ஒரு வருசம்."

இரண்டு விரலைக் காட்டினான்.

"என்ன ரெண்டு? ரெண்டு மாசத்துல முடிக்கணுமா? இதென்ன கத்தரிக்காயா, வெல பேச?"

இன்னொரு விரலைச் சேர்த்தான். மூன்று.

"அஞ்சுக்குக் கொறையாது. ஒடம்பு என்ன நம்ம கமிஷன் கடைக்காரரா, ராமர் மகன்னு சொல்லிக் கொறைக்க?"

பேரம் படியவில்லை என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதை அவனும் செய்தான். எழுந்து போனான். எழுந்து போகிறவனைக் கூப்பிட்டால் விலை இறங்கியது என்று அர்த்தம். நான் கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"போ, போ. இந்தச் சரக்கு வேற கடையில கெடைக்காது" என்றேன்.

சிரித்துவிட்டான். சிரிப்பு பாதி ஆண் குரலிலும் பாதி ஆட்டுக்குட்டிக் குரலிலும் வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தத் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

ஆனாலும் பேசவில்லை. நோய் என்ற பயம் போய்விட்டது. சிரிப்பார்கள் என்பது பயம் இல்லையே, அவன் பார்த்த உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, நான், பரணி மூன்று பேரும் வண்டியோடு நாகல் நகர் போனோம். ஞாயிறுதான் எங்களுக்குத் தீபாவளி. அப்பாவே மைக்கைப் பிடித்து "காய்... காய்ய்..." என்றார். ஜப்தி பண்ண வந்தவர் குரல் மாதிரி இருந்தது. இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் கேட்டது.

"அக்கா வாங்க... அண்ணி வாங்க... அத்தை, நீங்களும் வாங்க!"

சித்தப்பாவின் வண்டி. நத்தம் ரோட்டைத் தாண்டமாட்டேன் என்ற வண்டி. எங்கள் வாடிக்கைக்காரர்கள் பையோடு வெளியே வந்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்தார்கள். குரல் வந்த பக்கம் நடந்தார்கள். பழக்கம் காலில் இருக்கிறது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பரணி எடைக்கல்லைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டான். ஸ்பீக்கர் பேசப் பேச அவன் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. தக்காளி சிரிக்குது. கத்தரிக்கா கூப்பிடுது.

எங்கள் வண்டிக்கு வந்தது ஒரே ஒரு ஆள், ராக்கம்மாள் அத்தை. அவர் வருவதைப் பார்த்தாலே அப்பா தராசை ஒரு தரம் துடைத்து வைப்பார். அந்தத் தெருவில் அவரிடம் சொன்ன விலைக்கு விற்ற ஆள் கிடையாது.

"ஏம்ப்பா ராமரு, அங்க ஒம் மகன் கத்துறான், இங்க ஒம் மகன் நிக்கிறான். எதுப்பா அசலு?"

"ரெண்டும் நம்ம பயதேன்க்கா."

"அப்ப அவன் குடுக்கிற வெலைக்கு நீ குடு."

"கட்டாதுக்கா."

"கட்டாதுன்னா போ. அந்தப் புள்ள வாய் நெறைய அத்தைன்னு கூப்பிடுது. இவன் என்னடான்னா வாயில கொழுக்கட்டைய வச்சவன் கணக்கா நிக்கிறான். நான் அந்தப் புள்ளைகிட்டயே வாங்கிக்கிறேன்."

திரும்பி நடந்தார். இது அவருடைய வழக்கமான வித்தை. ஏழு அடி நடப்பார். அதற்குள் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாவிட்டால் ஏழாவது அடியில் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்று, தானாகத் திரும்புவார். எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதனால் அப்பா சும்மா இருந்தார். பரணியால் இருக்க முடியவில்லை. வேறு எவனிடமாவது போயிருந்தால் விட்டிருப்பான். அவனை விட்டுவிட்டு அவனிடமே அல்லவா போகிறார்?

"அத்தை! அது நாந்தேன்!"

'அத்தை' லாரி ஹாரன். 'நாந்தேன்' குக்கர் விசில்.

தெரு நின்றது. மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அஃப்சானா அக்காவின் கூடை பாதி வழியில் ஆடியது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பரணியின் முகத்தைப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துவிடுவான், இனி ஒரு வருடத்துக்கு வாய் திறக்கமாட்டான் என்று நினைத்தேன்.

ஆனால் மூட்டையை அவிழ்த்துச் சரக்கைத் தெருவில் கொட்டிவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியும். தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்றான்.

"அக்கா வாங்க..." என்றது சித்தப்பாவின் ஸ்பீக்கர்.

"அது நாலாங் கிளாஸ் பய!" என்று கத்தினான் பரணி. "அவனுக்கு வகுத்தல் தெரியாது! நான் எட்டாங் கிளாஸ்!"

"அண்ணி வாங்க..."

"எந்த அண்ணின்னு கேளுங்க! ஒருத்தர் பேரு தெரியாது அவனுக்கு! அஃப்சானாக்கா, ஒங்க மாமியாருக்குக் கத்தரிக்கா அரிக்கும்ல? அவரைக்கா பிஞ்சா இருக்கு, கூடைய எறக்குங்க! ராக்கம்மா அத்தை, ஆறு அடி ஆச்சு, இன்னும் ஒரு அடிதான் பாக்கி, திரும்புங்க!"

நான்கு இடத்தில் குரல் உடைந்தது. 'பிஞ்சா' இரண்டு துண்டாகவே வந்தது. தெருவே சிரித்தது. ஆனால் வகுப்பில் சிரித்த சிரிப்பு இல்லை இது; அவன் வரவழைத்த சிரிப்பு. வித்தியாசம் அவனுக்கும் தெரிந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தாமல் அடுத்த வார்த்தைக்குப் போனான்.

ராக்கம்மாள் அத்தை ஏழாவது அடியில் நின்றார். திரும்பினார். இடுப்பில் கை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்பா ராமரு! ஒம் மகன் பெரிய மனுசன் ஆயிட்டான், ஒரு வார்த்த சொல்லலையே நீயி!" என்று சொல்லிவிட்டு, நடுத்தெருவில், கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாயில் கையை வைத்துக் குலவை போட்டார்.

அந்தத் தெருவில் ஒரு பையனுக்குக் குலவை போட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எதிர்வீட்டிலிருந்து இன்னொரு குலவை சேர்ந்தது. மாடியிலிருந்து அஃப்சானா அக்கா கைதட்டி, "முபாரக், தம்பி!" என்றார். பரணியின் காது மடல் இரண்டும் கொதித்தன. ஆனால் பெட்டியிலிருந்து இறங்கவில்லை. அப்பா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டியதே இல்லாத தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொலவ சும்மா வராது. கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறாப் போடு" என்றார் அத்தை.

"கொத்தமல்லி உண்டு. கறிவேப்பிலைக்கு இன்னொரு கொலவ போடணும் அத்தை" என்றான் பரணி.

அவர் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எங்களிடம் வந்தார். முகம் அழுகின வெங்காயம் மாதிரி இருந்தது. "அண்ணே, மறந்தே போச்சு... இந்தாங்க, பென்டிரைவு" என்று நீட்டினார். அப்பா கையை நீட்டினார். பரணி தடுத்தான்.

"வேணாம் சித்தப்பா. அவன நீங்களே வச்சுக்கங்க. அவன் இனிமே வளர மாட்டான்."

இப்போது பங்குனி. எங்கள் வண்டியில் பதிவு எதுவும் ஓடுவதில்லை. லீவு நாளில் பரணியே மைக்கைப் பிடிக்கிறான், ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். மற்ற நாளில் அப்பா 'காய்ய்' என்கிறார், ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் மேசையைத் தட்டிச் சிரித்த பயல்களில் மூன்று பேருக்குத் தொண்டை உடைந்துவிட்டதாம். தேதி வாரியாகக் குறித்து வைத்திருக்கிறான்.

நேற்றுக் காலை ஒட்டன்சத்திரம் கமிஷன் கடை சுப்புராஜிடமிருந்து போன் வந்தது. அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பரணி எடுத்து, "அலோ" என்றான்.

"ஏனுங்க ராமரண்ணா, சின்ன வெங்காயம் நல்ல லாட்டு வந்திருக்குதுங்க, போட்டுரட்டுங்களா?"

அண்ணா என்றதும் பரணி ஒரு நொடி திகைத்தான். அப்புறம் நெஞ்சுக்குள்ளிருந்து, அப்பா மாதிரியே, "வெல ரொம்பச் சாஸ்தி, கொறைங்க" என்றான்.

"கட்டாதுங்ணா."

"கொறைச்சாத்தான்..." என்று ஆரம்பித்தபோது குரல் உடைந்து கூரைக்குப் போய்விட்டது.

சுப்புராஜ் கேட்டார்: "பக்கத்துல யாருங்க, அண்ணிங்களா?"

பரணி என்னைப் பார்த்தான். கண்ணில் ஒரு மின்னல். மேல்குரலிலேயே, "ஏங்க, அந்த வெலைக்கு வேணாம்னு சொல்லிப் போன வைங்க!" என்று அதட்டினான். உடனே கீழ்க்குரலுக்கு இறங்கி, "பாத்தீங்கல்ல சுப்புராஜு, வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறா" என்றான்.

கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்தது. சோப்பு நுரையோடு வந்து நின்ற அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். "நான் எப்படா அப்புடிக் கத்துனேன்?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள். அவள் கத்திய கத்தில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

நான் சொன்ன ஐந்து மாதம் முடியப்போகிறது. "கெடு நெருங்குது, சீக்கிரம் ஒரே கொரலா ஆயிரும்லே" என்றேன் பரணியிடம்.

கழுத்து முடிச்சைத் தடவிக்கொண்டே யோசித்தான். அப்புறம் பழைய மாதிரி இரண்டு விரலைக் காட்டினான்.

"இன்னும் ரெண்டு மாசம் சேத்துப் போட்டுக் குடுக்கா" என்றான்.